குதிகாலும் இரும்புத் தகடும்

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்றாவது தகடும் வந்துவிட்டது. பட்டறைக்காரரும் இவருமாக மூச்சு வாங்க வாங்க மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பட்டறைக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "என்ன சார், பெட்டகத்துக்குக் கதவு போடுறீங்களா?" என்று கேட்டார். "இல்லங்க, பாட்டு கேக்குறதுக்கு" என்றார் இவர். அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

எழுதினால் எனக்காவது புரியும் என்று எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கும் பலகை நமக்குத் தெரியாமலே நடுங்குமாம். தரையிலிருந்து கொஞ்சம், ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம். அந்த நடுக்கம் உள்ளே போய்ப் பாட்டைக் கலக்கிவிடுமாம். கீழே கனமாக ஒன்றை வைத்தால் அது நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ரப்பர், அடியில் நான்கு ரப்பர் கால். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு 'தகடு', இவருடைய கண்டுபிடிப்பு. ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்து ஓரங்களை அரம் போட்டுத் தேய்க்கிறார். ஒன்று நமக்கு. மற்றதெல்லாம் கேட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்குகிறவர்களுக்கு.

கனம், நிறைந்த கேஸ் சிலிண்டர் மாதிரி. சிலிண்டரையாவது உருட்டலாம்.

சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என் பெண் பட்டாணி போன வாரம்தான் தவழ ஆரம்பித்தாள். அவள் கை பட்டுச் சரிந்தால்? "யானை தள்ளினாத்தான் மா விழும்" என்கிறார். எனக்கு யானையைப் பற்றியா பயம்? தரையில் படுக்கவைக்கச் சொன்னேன். ஓரங்களில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினேன்.

ஏற்கெனவே இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ரெக்கார்டு ஓடும்போது நடக்கக் கூடாது. மரத்தரை. குதிகால் அழுந்தினால் பிளேயரின் முள் துள்ளி, பாட்டு ஒரு வரி தாண்டிவிடும். கீழே யாரும் குடியில்லை, வெறும் காகிதக் கிடங்கு. அப்படியும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நுனிக்காலில்தான் நடக்கிறேன். இப்போது பாட்டு ஓடாதபோதும் அப்படியே பழகிவிட்டது. கெண்டைக்கால் கல்லாகக் கிடக்கிறது. பட்டாணியையும் அந்த நேரத்தில் தரையில் விடுவதில்லை. கட்டில், மடி, இடுப்பு. அவளுக்கு வீடு என்றால் இந்த மூன்றும்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

தகட்டில் அவள் தலை மோதுவது போலக் கனவு. எழுந்துபோய் மூச்சு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். அவளுக்கு இருந்தது. எனக்குத்தான் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

பல் டாக்டர் ஒருவர் தகட்டைக் கேட்டுப் பார்க்க வந்தார். இவருடைய ரெக்கார்டு சிநேகிதர்களில் கொஞ்சம் பெரிய கை. கூடத்தின் குறுக்கே திரை கட்டியிருக்கிறோம். இந்தப் பக்கம் பிளேயரும் ஸ்பீக்கரும், இவரும் டாக்டரும். அந்தப் பக்கம் குட்டை மேசையில் ஆம்ப்ளிஃபயர், கீழே தரையில் தகடு, பக்கத்தில் நான். "பொருளைக் கண்ணால பார்த்தா காது பொய் சொல்லும்" என்பது இவர் கொள்கை. அதனால் திரை. முதலில் தகடு இல்லாமல் ஒரு பாட்டு. பிறகு நான் தகட்டை ஆம்புக்கு அடியில் தள்ளி வைக்க வேண்டும். மறுபடி அதே பாட்டு. இதற்கு முன் வந்தவர்களுக்கு இவரே தள்ளி வைத்தார். இன்று, "நான் எந்திரிச்சுப் போனா அவர் கவனம் கலைஞ்சிடும், நீ பண்ணிடு மா, ரெண்டே நிமிஷம்" என்றார். கனம் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இவருக்கும் தெரியும். மறந்திருப்பார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஏன்?

முதல் பாட்டு முடிந்தது. பட்டாணி இடுப்பில் சிணுங்கினாள். ஒரு கையால் தகட்டின் விளிம்பைத் தூக்கினேன். அடிவயிற்றில், பிரசவத்தில் தையல் போட்ட இடத்தில், சுருக்கென்று இழுத்தது. விட்டுவிட்டேன். டொக் என்று தரையில் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இவர் குரல், "ஆச்சா மா?"

என் வாய் "ஆச்சு" என்றது.

இல்லை, இருங்க என்று அடுத்த நொடி சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் முள் இறங்கிவிட்டது. தகடு என் காலடியில். ஆம்ப் பழைய இடத்திலேயே. பாட்டு முடியும் வரை திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், கண்ணை மூடித் தன் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"சார்! பாடுறவர் இவ்வளவு நேரம் பக்கத்து ரூம்ல இருந்தார். இப்போ வந்து என் எதிர்ல உக்காந்துட்டார் சார்!"

இவர் கண்ணில் நீர். நிஜமாகவே நீர். டாக்டர் ஒரு தகட்டை டிரைவரை விட்டுத் தூக்கிப் போகச் சொன்னார். போகும்போது, "உங்க மிஸஸுக்கு நல்ல கை ராசி" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே பாடினார். கல்யாணத்துக்குப் பிறகு இவர் பாடி இப்போதுதான் கேட்கிறேன். அதில் போய் எப்படி?

டாக்டர் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் வேதியியல் லேபில் நாங்களும் இதைத்தான் செய்தோம். சொட்டுச் சொட்டாக விடும் கரைசல் எந்த அளவில் நிறம் மாற வேண்டும் என்று சீனியர் சொல்லியிருப்பாள். அந்த அளவு நெருங்கியதும் கண்ணுக்கு இளஞ்சிவப்பு தெரிந்துவிடும். யாரும் ஏமாற்றவில்லை. கண் நிஜமாகவே பார்த்தது. வர வேண்டியது வந்துவிட்டதே என்ற நிம்மதியில் பார்த்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இவர் ஆபீஸ் போனதும் நானே தனியாகச் செய்து பார்த்தேன். தகட்டை மெத்தை மேல் இழுத்து, மெத்தையிலிருந்து மேசைக்கு அங்குலம் அங்குலமாகத் தள்ளி. அதற்கே அரைப் பொழுது ஆனது. வைத்துக் கேட்டேன். எடுத்துக் கேட்டேன். பட்டாணி இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினாள்.

ஒரு வித்தியாசமும் இல்லை. அல்லது என் காதுதான் மந்தமோ. பிள்ளை பெற்ற பிறகு முடி கொட்டுகிறது, ஞாபகம் போகிறது. காது போகாதா? சமையலறையில் குழாய் சொட்டினால் கேட்கிறது. அவள் தூக்கத்தில் புரண்டால் கேட்கிறது. இது மட்டும் கேட்கவில்லையாம்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று இரண்டு பேர். முதல் ஆளுக்குத் தகட்டைத் தள்ள முயன்றேன், முடியவில்லை, டொக் மட்டும்தான். "அடேங்கப்பா" என்றார். அவர் போனதும், நான் அதைத் திரும்ப இறக்கி வைத்துவிட்டதாக நினைத்து, இவரே குஷியில் தகட்டைத் தூக்கி, "அடுத்தவருக்கு நானே வச்சுடுறேன், நீ அப்புறம் சும்மா சத்தம் காட்டு" என்றார். ஆக, இரண்டாவது ஆளுக்கு முதலிலிருந்தே தகடு அடியில் இருந்தது. நான் டொக். அவரும் "அடேங்கப்பா". அப்படியென்றால் அவர்கள் வாங்கிப் போவது தகட்டையா, என் டொக்கையா?

முதல் பாட்டுக்கும் தகடு அடியில் இருந்ததே, இவருக்கு இது ஏன் உறைக்கவில்லை? மூட நம்பிக்கைக்காரர் இல்லையே. சந்தோஷம் கண்ணை மறைக்கும் போல.

அக்காவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது அவளுக்கு. "உன் புருஷன் பாட்டு வியாபாரியா, இரும்பு வியாபாரியாடீ? விடு, ஊர்ல எவன்தான் நிஜத்தை விக்கிறான்." பிறகு குரலை இறக்கி, "அவர்கிட்ட சொல்லிடாத. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் குழந்தை மாதிரி" என்றாள். எனக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறதே.

மார்ச் 6, வியாழன்

இவர் வேலையை விடப் போகிறார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சாதாரணமாகச் சொன்னார். பெரிய ஆடியோ கடை வைத்திருப்பவர் பதினாறாம் தேதி வந்து கேட்கிறாராம். அவருக்குப் பிடித்தால் அவர் கடையிலேயே தகட்டை வைத்து விற்பாராம். "அவர் சரின்னு சொன்ன மறுநாளே பேப்பர் போட்டுடுறேன். என் ஆயுசு பூரா தண்ணி மீட்டர் ஓடலன்னு வர்றவங்க மூஞ்சியிலயே போயிடும் போல இருக்கு மா."

நான், "கொஞ்சம் யோசிச்சு…" என்று ஆரம்பித்தேன்.

"எதை யோசிக்கணும்? எத்தனை பேர் கேட்டாங்க? ஒருத்தராவது வித்தியாசம் தெரியலன்னு சொன்னாங்களா? நீயே சொல்லு, நீதானே கூட இருந்த."

நான்தானே கூட இருந்தேன். பட்டாணி பிறக்கும் முன்பே என் லேப் வேலையை விட்டாயிற்று. இவரும் விட்டால் இந்த வீட்டைத் தாங்கப் போவது என்ன? ஒரு டொக்.

மார்ச் 8, சனி

இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

இன்று நிஜமாகவே வாயைத் திறந்தேன். "ஏங்க, அந்தத் தகடு விஷயமா ஒண்ணு…"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்று பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பட்டையை எடுத்தார். ஒவ்வொரு தகட்டின் முன்பக்கமும் ஒட்டப் போகிறாராம். அதில் 'பட்டாணி' என்று செதுக்கியிருந்தது. இவள் பெயர்தான் இனி தகட்டுக்கும் பெயராம். "எப்படி இருக்கு? உன் பொண்ணு இப்பவே முதலாளி."

"நல்லா இருக்கு" என்றேன். "நீ என்னவோ சொல்ல வந்தியே" என்றார். "ஓரம் கூரா இருக்கு, அதான்" என்றேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் சொன்னால் இவர் உடைந்துவிடுவார். சொல்லாவிட்டால் பின்னால் ஒருநாள் உடைவார், அப்போது எங்களையும் சேர்த்துக்கொண்டு. இந்தக் கூடத்தில் நுனிக்காலில் போய்விட்டு நுனிக்காலில் வருகிறேன். சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை. ரெக்கார்டு ஓடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதையும் தொடாத ஆள். இன்றாவது தகட்டை ஒழுங்காக வைத்துவிட வேண்டும், இன்று ஒரு நாளாவது பொய் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. குனிந்தேன். தகட்டின் மேல் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். எப்போது மடியை விட்டு இறங்கினாள்? பித்தளைப் பட்டையில் தன் பெயரை நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பட்டாணி கையிலிருந்த கரண்டியால் தகட்டில் ஒரு தட்டு தட்டினாள். டொக். இவர் முள்ளை இறக்கிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் கடைக்காரர் மெதுவாக, "நான் இந்தத் தொழில்ல நிறையப் பார்த்தவன். கீழ்ச் சுருதி இவ்வளவு சுத்தமா நான் கேட்டதில்ல. நாளைக்கே உங்க வேலையை விடுங்க தம்பி" என்றார்.

நாளைக்கே.

திரையை இழுத்துவிட்டேன். யோசித்து இழுத்தேனா? தெரியவில்லை. கை இழுத்தது. வளையங்கள் கம்பியில் சர்ரென்று ஓடின. கடைக்காரர் கண்ணைத் திறந்தார். இவரும் திரும்பினார். குட்டை மேசையில் ஆம்ப், அடியில் ஒன்றும் இல்லை. தரையில் தகடு, தகட்டின் மேல் என் பெண், வாயில் எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டு.

"நான் வைக்கவே இல்லங்க" என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல. டாக்டர் வந்தன்னைக்கும் வைக்கல."

கடைக்காரர் எழுந்தார். சட்டையை நீவிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியிறங்கும் முன் திரும்பி, "குழந்தை நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இவர் அந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை. பிளேயரை நிறுத்தவும் இல்லை. முள் கடைசி வட்டத்தில் சர்க், சர்க் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். நுனிக்காலில்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸ் போகிறார், வருகிறார். உப்பு எங்கே என்று கேட்டார். இரண்டு நாளில் அது ஒன்றுதான் பேச்சு.

மார்ச் 20, வியாழன்

"நீ சொல்லியிருக்கலாமே."

"எப்போ?"

யோசித்தார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார். அதைச் சொன்னதற்காகவே எனக்கு அழுகை வந்தது. பிறகு அவரே, "வயிறு இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார். பட்டாணி பிறந்து இத்தனை மாதத்தில் முதல் தடவை.

மார்ச் 22, சனி

இன்று எனக்காக என்று சொல்லி ஒரு வேலை செய்தார். இன்னொரு குட்டை மேசையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, அதில் தானே தகட்டைத் தூக்கி வைத்தார். "நீ தகட்டைத் தொடவே வேணாம். ஆம்பை மட்டும் இதுலேர்ந்து அதுக்கு மாத்து. இல்ல மாத்தாத. உன் இஷ்டம். எனக்குத் தெரிய வேணாம்." துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆம்ப் பட்டாணியை விடக் கனம் குறைவு. மாற்றினேன், மாற்றாமல் இருந்தேன், மாற்றுவது போல வெறும் சத்தம் செய்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் "இருக்கு", "இல்ல" என்று சொன்னார். முதலில் டக்கென்று சொன்னார். போகப் போக நேரம் எடுத்துக்கொண்டார். சில சரி, சில தப்பு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

துண்டை அவிழ்க்காமலே, "ஒண்ணும் தெரியல மா" என்றார். துண்டு ஈரமாக இருந்தது.

நான் ஜெயித்தேனா? அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் வேண்டாவெறுப்பாக ஒரு ரெக்கார்டைப் போட்டுவிட்டு, தகடுகளைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். பேசப் பேச எரிச்சல் ஏறி, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தொம் தொம் என்று போனார். முள் துள்ளியது. பாட்டு இரண்டு வரி தாண்டியது.

இவர் அப்படியே நின்றார். திரும்பி வந்தார், வேண்டுமென்றே குதிகாலை அழுத்தி. முள் மறுபடி துள்ளியது. போய்த் தகட்டைத் தூக்கி வந்து, பிளேயரை எடுத்து அதன் மேல் வைத்தார். பாட்டைப் போட்டார்.

"நட மா."

"எப்படி?"

"எப்படின்னா? உன் இஷ்டத்துக்கு நட."

நடந்தேன். "அது நடையா? பூனை மாதிரி போற. காலை வச்சு நட" என்றார். எனக்கு வரவில்லை. குதிகால் தரையைத் தொடும்போதே முழங்கால் மடங்கிக்கொள்கிறது. பாதம் எப்படி வைப்பது என்று மறந்துபோன மாதிரி. மூன்றாம் தடவை எப்படியோ வைத்தேன். தொம். கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

"பிளேயருக்கு அடியில வைக்கணும்னு எனக்கு இத்தனை நாள் தோணவே இல்லையே" என்றார். தரையில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படித் தோணும்? இங்க யாரும் நடக்கலையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தகடு செய்ய வேண்டிய வேலையை இத்தனை காலம் என் குதிகால் செய்துகொண்டிருந்திருக்கிறது. சம்பளம் இல்லாமல், பெயர்ப்பட்டை இல்லாமல்.

ஏப்ரல் 5, சனி

வாங்கினவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆம்புக்கு அடியில் வைத்துப் பிரயோஜனம் இல்லை, பிளேயருக்கு அடியில் வையுங்கள், வேண்டாமென்றால் திருப்பித் தந்துவிடுங்கள் என்று. பேசும்போது காது மடல் சிவந்திருந்தது. ஒருவர் திட்டிவிட்டு வைத்தார்.

பல் டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உங்க வீட்ல வைக்காம இருந்திருக்கலாம் சார். எங்க வீட்ல வச்சிருக்கேன். எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க குழப்பாதீங்க." இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

ஆனாலும் இரவில் அந்தப் பித்தளைப் பட்டையை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எப்படி ஆற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பட்டாணி நடந்தாள். கட்டிலிலிருந்து கதவு வரை. பாதம் முழுவதையும் பதித்து, ஏதோ கடன் வசூலிக்கப் போகிறவள் மாதிரி தொம் தொம் என்று. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் தானாக உதட்டுக்குப் போனது. இறக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இவர் இன்னும் தண்ணீர் மீட்டர் ஆபீசில்தான் இருக்கிறார். இன்று மீட்டர் பின்பக்கமாக ஓடுகிறது என்று ஒருவர் வந்தாராம். நடித்துக் காட்டினார். திரையை அவிழ்த்துத் துவைத்துப் படுக்கையறை ஜன்னலுக்குப் போட்டிருக்கிறேன். நீளம் அதிகம், கீழே மடித்துத் தைக்க வேண்டும்.

மாலையில் தகடு கேட்டு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் வீட்டில் ரெக்கார்டு போட முடியவில்லையாம். இவர் முதலில் தகடு இல்லாமல் போட்டார். பிறகு தகட்டின் மேல். "இப்போ குதிச்சுப் பாருங்க" என்றார்.

"யாரு, நானா? முட்டி போயிடும் தம்பி" என்றார் அந்தப் பெரியவர்.

வழக்கமாக இந்த வேலை பட்டாணியுடையது. இன்று புதிய முகங்களைப் பார்த்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இவர் என்னைப் பார்த்தார். "குதி மா."

குதித்தேன். அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. முள் அசையவில்லை. அந்த அம்மாள் கை தட்டினார். பட்டாணி பின்னாலிருந்து வெளியே வந்து அவளும் குதிக்க ஆரம்பித்தாள்.

பெரியவர், "போதும்மா, போதும், தெரிஞ்சிடுச்சு" என்றார். இவரும் போதும் என்று கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் குதித்துக்கொண்டே இருந்தோம்.